ஆறிய பிறகுதான் அளவு

போன வாரம் எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகத் தொடங்கியது. ஆர்.எஸ்.புரத்தில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் வழியில் ஒரு பித்தளைக் குழாய் வாங்கி ஸ்கூட்டரின் முன்கூடையில் போட்டேன். அப்புறம் மருந்துக்கடை வரிசையில் நின்றதில் வெயில் அதைப் பதம் பார்த்துவிட்டது. வீட்டில் காத்துக்கொண்டிருந்த பிளம்பர் தம்பியிடம் கொடுக்கலாம் என்று எடுத்தால் கை சுட்டது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. சமையல் மேடைக் கல்லில் ஒரு துணியை விரித்து, குழாயை அதன்மேல் படுக்க வைத்து, "சித்த ஆறட்டும் தம்பி" என்றேன்.

அந்தப் பையன் என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏனுங்க அக்கா, கொழாய் என்ன காப்பியாங்க, ஆத்திக் குடிக்க?"

சிரித்து வைத்தேன். அவனிடம் என்னவென்று சொல்வது! குழாய் மாட்டுவதற்கு அது ஆறவே வேண்டியதில்லைதான். ஆனால் என் கைக்கு அது தெரியாது. இருபத்தெட்டு வருடம் ஒரு பம்ப் கம்பெனியில் அளவு பார்த்த கை. கையை முகர்ந்து பார்த்தேன். பித்தளையைப் பிடித்த கையில் ஒரு வாசம் வரும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். பழைய பித்தளைப் பத்து பைசாவை வியர்வைக் கையில் பொத்தி வைத்திருந்தால் வருமே, அது. அந்த வாசம் என்னை நேராகக் கணபதிப் பகுதியில் இருந்த எங்கள் கம்பெனியின் பழைய இன்ஸ்பெக்‌ஷன் அறைக்குக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது.

அதற்கு முன்னால் என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். கிணத்துக்கடவில் பள்ளிக்கூடம் போன காலத்தில் என் இரண்டு ஜடைகளும் ஒரே நீளமாக இருக்கின்றனவா என்று ஸ்கேல் வைத்து அளந்து பார்ப்பேன். அரை அங்குலம் கூடக்குறைய இருந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னல். அம்மா வாசலில் நின்று கத்துவார்: "ஏன் அம்மணி, சடைய அளந்துட்டே நின்னீன்னா பஸ்ஸு உனக்காக நிக்குமா? உன்னையக் கட்டறவன் பாவம், தோசையக் காம்பஸு வெச்சுப் பாத்துப்போட்டுத்தான் திங்கோணும்!" சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்கினால் எனக்குச் சோறு இறங்காது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் அவர்கள் வீட்டுக் காலண்டரையும் நேராக்கிவிட்டுத்தான் உட்காருவேன். இந்தப் பெண் எங்கே போய்க் குப்பை கொட்டப் போகிறதோ என்று வீட்டில் எல்லோருக்கும் கவலை.

சமீபத்தில் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு பட்டியலை அனுப்பியிருந்தார்கள், நுணுக்கமும் துல்லியமும் உள்ளவர்களுக்குத் தொழிற்சாலை இயந்திரத் துறையில் என்னென்ன வேலைகள் பொருந்தும் என்று. நாலாவதாக அளவுப் பரிசோதகர் என்று போட்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிப்போயிற்று. வீட்டில் வியாதி என்று நினைத்த ஒன்றுக்கு வெளியே ஒருவர் சம்பளம் கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அப்படிப் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து அந்தப் பம்ப் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரம் செய்வார்கள். இன்ஸ்பெக்‌ஷன் அறையில் ஒரு ஜன்னல் ஏசி, ஒரு பெரிய கருங்கல் மேஜை, முடியளவு கனத்தையும் அளக்கும் மைக்ரோமீட்டர்கள், ஒரு தடித்த ரெஜிஸ்டர். வெளியே சின்னச் சின்ன லேத் பட்டறைகளில் கடைந்து வரும் பாகங்களை அளந்து, சரி என்றால் உள்ளே அனுப்ப வேண்டும், இல்லை என்றால் திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பும் ஒவ்வொரு லாட் சரக்கிலும் ஒரு பாகத்தில் மட்டும், அளக்கும் இடத்தை விட்டு, சிவப்புப் பெயிண்ட் அடித்து எங்கள் அலமாரியில் வைத்துக்கொள்வோம். நாளைக்குப் பேச்சு வந்தால் காட்டுவதற்கு. ரெஜிஸ்டரில் ரப்பருக்கும் வெள்ளை மைக்கும் இடமில்லை. தப்பாக எழுதினால் பழைய எண் தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும்.

என் மேலதிகாரி நாச்சிமுத்து சார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தாலும் வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிடுவார். எனக்கு அவரை முதல் நாளே பிடித்துவிட்டது. எனக்கொரு ஜோடி கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சுலைமான் பாய் கரும்புக்கடைப் பகுதியில் ஒரே ஒரு லேத் வைத்திருந்தவர். எங்கள் கம்பெனி வேலை மட்டும்தான் அவருக்கு. பம்பின் தண்டு சுழலும் இடத்தில் வெண்கல வளையம் ஒன்று உட்காரும், புஷ் என்போம். அதைக் கடைந்து தருவார். டிவிஎஸ் ஃபிப்டியின் பின்னால் கறுப்பு இரும்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். வந்ததும், "என்னுங்க அம்மணி, சாப்டாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியை இறக்குவார். காலை எட்டு மணி என்றாலும் அதே கேள்விதான்.

நான் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்த ஒரு சித்திரை மதியம், எண்பது புஷ் கொண்டு வந்தார். வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்ததால் கேட்டிலேயே ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். பெட்டியும் அவரும் வெயிலில். உள்ளே பம்ப் பூட்டும் அசெம்பிளி ஆட்கள் புஷ் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சீக்கிரம், சீக்கிரம் என்று போனுக்கு மேல் போன். நான் பத்து புஷ்ஷை எடுத்து அளந்தேன். வெளிவிட்டம் அறுபது மில்லிமீட்டருக்கு மேல் புள்ளி பூஜ்ஜியம் நாலிலிருந்து ஆறு வரை இருக்கலாம். எனக்குக் கிடைத்தது பூஜ்ஜியம் எட்டு. பத்திலும் அதேதான். ஒரு தலைமுடியை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்தால் ஒரு பங்கு வருமே, நடு அளவான ஐந்தைவிட அவ்வளவு அதிகம்.

அந்த நேரத்தில் ஒன்று நடந்தது. ஏசியில் விறைத்துப் போயிருந்த என் விரல்களுக்கு அந்தப் புஷ்கள் கதகதப்பாக, இதமாக இருந்தன. ஒன்றைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்திக்கூட வைத்துக்கொண்டேன். சூடானால் உலோகம் விரியும் என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான்! தண்டவாளத்துக்கு நடுவில் இடைவெளி விடுவதுவரை படம் போட்டு எழுதியிருந்தேன். கையில் இருக்கும் கதகதப்பு அந்தப் பாடம்தான் என்று மண்டைக்கு எட்டவில்லை.

"பாய், மூணு அதிகமா இருக்குதுங்க. எடுத்துட்டுப் போயி இன்னொரு வெட்டுக் குடுத்துக் கொண்டாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

அவர் சீட்டைப் பார்த்தார். "பட்டறையில அளந்து பாத்துப்போட்டுத்தானுங்க வந்தேன். அஞ்சு இருந்துச்சுங்க" என்றார், மெதுவாக.

"இங்க எட்டு காட்டுதுங்களே."

"அப்ப செரீங்க அம்மணி." அவ்வளவுதான். ஒன்றில் சிவப்புப் பெயிண்ட் அடித்து அலமாரியில் வைத்தேன். மீதியை அவர் வண்டியில் கட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை எட்டரைக்கு வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. அளந்தேன். பூஜ்ஜியம் இரண்டு. அடுத்தது, இரண்டு. இருபது புஷ் பார்த்தேன், எல்லாமே இளைத்துப் போயிருந்தன. அதிகமாக இருந்தால் செதுக்கிக்கொள்ளலாம், குறைந்து போனால் ஒட்டவா முடியும்? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலையில் பிசிறு வைப்பவர்களைக் கண்டால் எனக்கு அப்போது ஆகவே ஆகாது. "ஏனுங்க பாய், இப்பிடிப் பண்ணி வெச்சிருக்கீங்க? எவ்வளவு எடுக்கோணும்னு எழுதித்தானே குடுத்தேன்?" என்று எகிறினேன்.

"நீங்க எழுதுன மூணுதானுங்க எடுத்தேன்." அவர் முகம் வெளுத்துவிட்டது. ஒரே லாட் இரண்டு தடவை திரும்பினால் அந்தப் பட்டறையின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். அது எங்கள் கம்பெனி வழக்கம். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இருங்கள், நேற்றைய புஷ்ஷையே காட்டுகிறேன் என்று அலமாரியிலிருந்து அந்தச் சிவப்புப் பெயிண்ட் புஷ்ஷை எடுத்து வந்து மைக்ரோமீட்டரில் வைத்தேன். பூஜ்ஜியம் ஐந்து.

கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். தப்பு நம்முடையதாக இருக்கும் என்று யாருக்குத்தான் முதலில் தோன்றும்? கருவியின் பூஜ்ஜியத்தைச் சரிபார்த்தேன். பிசகில்லை. மறுபடி வைத்தேன். ஐந்து. அப்போதுதான் விரல் சொல்லிற்று. புஷ் ஜில்லென்று இருந்தது. நேற்று இதே புஷ் கதகதப்பாக இருந்தது.

ஐயோ கடவுளே! அவர் நேற்றுக் கொண்டு வந்தது எண்பதும் நல்ல புஷ்கள். நல்லதை நான்தான் வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

பாய் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். அங்கிருந்து அளவுக் கோடு தெரியாது. ரெஜிஸ்டரைப் பார்ப்பவர்களுக்கு, இந்த ஆள் முதலில் பெரிதாகக் கடைந்தார், பிறகு சின்னதாகக் கடைந்தார், இரண்டு முறையும் அவர்தான் தப்பு. புஷ்ஷை அலமாரியில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் என் வேலை இரண்டு மாதத்தில் நிரந்தரம். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நினைக்கவில்லை என்று இங்கே எழுதினால் அதுவும் பொய் அளவுதான்.

ஆனால் அந்த எட்டு அங்கே ரெஜிஸ்டரில் உட்கார்ந்திருந்தது, என் கையெழுத்தில். கோணலாகத் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியாதவள், அந்த எட்டைப் பார்த்துக்கொண்டு எத்தனை வருடம் அந்த அறையில் உட்கார்ந்திருப்பேன்? நேர்மை கீர்மை என்றெல்லாம் பெரிய வார்த்தை வேண்டாம். என் கிறுக்குத்தனம்தான் என்னைக் காப்பாற்றியது. எட்டின் மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் ஐந்து என்று எழுதினேன். "நேற்றுச் சூட்டோடு அளந்தது, என் தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து மட்டும் கோணலாகப் போய்விட்டது.

"பாய், நீங்க சரியாத்தானுங்க கொண்டாந்தீங்க. நான்தான் கெடுத்துப்போட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய், "அய்ய, அம்மணி, அழுகாதீங்க, ஆராச்சும் வந்துருவாங்க" என்று கதவைப் பார்த்தார். அவருடைய எழுபத்தொன்பது புஷ் பாழாகியிருக்கிறது, அவர் எனக்காகக் கதவைப் பார்க்கிறார்!

அழுத முகத்தோடுதான் நாச்சிமுத்து சாரிடம் போனேன். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "ரெஜிஸ்டர்ல எழுதிப்போட்டயா?" என்றார்.

"எழுதிட்டனுங்க சார்."

"அப்பறம் என்னத்துக்கு அழுகறே? போயி மூஞ்சி கழுவிட்டு வா. திட்டறது பாக்கி இருக்குது."

திட்டினார். நன்றாகவே திட்டினார், பத்து நிமிடம். பாயின் பெயரில் ஒரு கீறலும் விழக்கூடாது என்று பர்ச்சேஸ் பிரிவுக்கு அவரே எழுதினார். என் ஆறு மாதத்தை ஒன்பது மாதமாக்கினார். அதில் எனக்கு வருத்தமே இல்லை, நானாக இருந்தால் பன்னிரண்டாக்கியிருப்பேன்.

இளைத்த புஷ்களை என்ன செய்வது? பம்பின் வெளிக்கூட்டைப் பாடி என்போம், அதில் புஷ் உட்காரும் துளை எல்லாப் பாடியிலும் ஒரே அளவாக இருக்காது. விதிக்குள்ளேயே சிலது கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். அந்த இறுக்கமான துளைகளைத் தேடிப் பிடித்தால் இளைத்த புஷ்ஷுக்குப் பொருந்தும் என்றார் சார். "ஞாயித்துக்கெழம வந்து நீயே தேடு" என்றார். குடோனில் இருநூறு பாடி கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் வாசலில் டிவிஎஸ் ஃபிப்டி நிற்கிறது. பாயை யாரும் வரச் சொல்லவில்லை.

அன்று முழுக்க நான் துளையை அளந்து எண் சொல்ல, அவர் சாக்பீஸால் பாடியில் எழுத, ஜாதகம் பார்ப்பதுபோல் ஜோடி சேர்த்தோம். "இந்தப் பொண்ணுக்கு இந்த மாப்பள ஆகாதுங்க அம்மணி, குலுங்குது" என்பார். மதியம் அவர் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டை இரண்டாகப் பங்கு வைத்தார். எனக்காகக் கத்திரிக்காய்க் குழம்பு தனியாக வந்திருந்தது. அப்போது கேட்டேவிட்டேன். "பாய், உங்க மைக்ரோமீட்டர்ல அஞ்சுன்னு சரியாத்தானே காட்டுச்சு. அப்பறம் ஏனுங்க வெட்டுனீங்க?"

"நைட்டு மறுக்கா அளந்தனுங்க. அப்பவும் அஞ்சுதான். இது பழைய சாமான், பொய் சொல்லுதாட்டம் இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். அந்த அம்மணி தப்பா எழுதாதுன்னு..." சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டில் வைத்தேன். தன் கண்ணால் இரண்டு தடவை பார்த்ததை விட்டுவிட்டு, நாலு மாதம் வேலை பார்த்த ஒரு பெண்ணின் சீட்டை நம்பி நல்லதை வெட்டியிருக்கிறார். நம்மை இப்படி நம்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எந்த எண்ணையும் சும்மா எழுத முடியுமா, சொல்லுங்கள்?

எழுபத்தொன்பதில் அறுபத்திரண்டுக்கு ஜோடி கிடைத்தது. பதினேழு மட்டும் கழிவுக்குப் போனது, என் தவறு என்ற கணக்கில். கிளம்பும்போது அந்தச் சிவப்புப் பெயிண்ட் புஷ்ஷைக் காட்டி, "இத நான் வெச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டார். சாரிடம் சொல்லி, ரெஜிஸ்டரில் எழுதிக் கொடுத்தேன். நான் செய்த தப்புக்கு அத்தாட்சியாக வைத்துக்கொள்கிறார் போலிருக்கிறது, வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் ஒரு விதி வந்தது. எந்தப் பாகமாக இருந்தாலும் கருங்கல் மேஜையில் மூன்று மணி நேரம் ஆறிய பிறகுதான் அளவு. அதுவரை பட்டறைக்காரர்கள் எங்கே போவார்கள்? ஜன்னலுக்கு வெளியே ஒரு மர பெஞ்சு போட்டார் சார். எல்லோரும் அதற்கு அம்மணி பெஞ்சு என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெட்கக்கேடு! ஆனால் அந்த பெஞ்சில் நடந்த பேச்சு இருக்கிறதே. கரண்ட் கட், இரும்பு வார்ப்பில் ஓட்டை, யார் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை, வால்பாறை பஸ்ஸில் எந்தக் கொண்டை ஊசி வளைவில் வாந்தி வரும், எல்லாம் உண்டு. பதினோரு மணி டீ அவர்களுக்கும் சேர்த்து வரும். ஒருவர் பட்டறையில் மோட்டார் எரிந்துபோனால் இன்னொருவர் அங்கேயே, "எங்கிட்ட ஒண்ணு சும்மாதான் கெடக்குது, வந்து எடுத்துக்கோ" என்பார். என் கல்யாணப் பத்திரிகையைக்கூட முதலில் அந்த பெஞ்சில்தான் கொடுத்தேன். "மாப்ளய ஆற வெச்சு அளந்தீங்களா அம்மணி?" என்று கேட்டுச் சிரித்தார் சுலைமான் பாய்.

இப்போது கணபதியில் அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். கம்பெனி பைபாஸ் பக்கம் போய்விட்டது. கடைசி மூன்று வருடம் அங்கேதான் வேலை பார்த்தேன். கண்ணாடி அறைக்குள் பெரிய அளவு இயந்திரம். பாகம் சூடாக இருந்தால் அதுவே சூட்டைப் பார்த்துக் கழித்துக்கொண்டு அளவைச் சொல்லிவிடும். அருமையான இயந்திரம், குறை சொல்ல மாட்டேன். அது அன்றைக்கு இருந்திருந்தால் பாயின் எண்பது புஷ்ஷும் பிழைத்திருக்கும். பெட்டிகள் வேனில் வந்து இறங்குகின்றன, வேன் உடனே போய்விடுகிறது. யாரும் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதில்லை. பெஞ்சு புது இடத்துக்கு வரவே இல்லை.

சுலைமான் பாய் போய் இரண்டு வருடமாகிறது. துக்கம் கேட்கப் போயிருந்தேன். பட்டறையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். லேத் ஏற்கெனவே விலை போயிருந்தது. அவர் மகன் ஒரு துணிப்பொட்டலத்தைக் கொண்டு வந்து கொடுத்தார். பிரித்தால் அந்தப் புஷ். சிவப்புப் பெயிண்ட் முக்கால்வாசி போயிருந்தது, அளவு வைக்கும் இரண்டு பக்கமும் சுத்தமாகத் தேய்ந்து பளபளவென்று.

"அத்தா டெய்லி காலையில மொதல்ல இதத்தானுங்க அளப்பாரு. அஞ்சு காட்டுனாத்தான் மிஷின ஆன் பண்ணுவாரு. இது அம்மணி கையெழுத்துப் போட்ட அளவு, இதுல தப்பு இருக்காதும்பாருங்க."

புஷ்ஷைத் திரும்பத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். நான் கெடுத்ததை மறந்துவிட்டு, திருத்தியதை மட்டும் இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறார்.

பிளம்பர் தம்பி குழாயை மாட்டி முடித்துத் திறந்து மூடிப் பார்த்தான், ஒரு சொட்டு ஒழுகவில்லை. கை துடைக்கும்போது ஜன்னல் திண்டில் இருந்த புஷ்ஷை எடுத்து உருட்டிப் பார்த்து, "இது என்ன சைஸுங்க அக்கா?" என்றான்.

டாக்டர் என் கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்கிறார். மைக்ரோமீட்டரும் கைவசம் இல்லை, கொடுத்தாலும் இனிமேல் அந்தக் கோடு எனக்குத் தெரியாது.

"அறுபது புள்ளி பூஜ்ஜியம் அஞ்சு" என்றேன். "நெழல்ல வெச்சிரு கண்ணு."